பொத்தைச் சில்லு

எழுபதைத் தாண்டிய நாம் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் மூட்டுவலியில் ஆரம்பித்து, சின்ன வயதில் யார் எதைத் திருடினோம் என்பதில் போய் நிற்கிறோம். மாங்காய், கொய்யா, பக்கத்து வீட்டுக் கோழிமுட்டை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சிரிப்பீர்கள். என் முறை வரும்போது நான் காப்பி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன். நான் திருடியது கொஞ்சம் பெரிய சாமான். நினைத்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. திருடும்போது எனக்குப் பத்து வயது, திருடுகிறேன் என்பதே தெரியாது. தெரிந்தவர் வேறொருவர் இருந்தார். அவரைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தென்காசியில் எங்கள் வீடு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. சித்தப்பாவுக்கு ஒரு மகள், என்னைவிட ஒரு வயது இளையவள். எனக்குத் தங்கச்சி என்றால் அவள்தான், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவளுக்கும் அப்படியே. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி, ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்குப் பேன் ஏற்றிக்கொண்டு வளர்ந்தோம்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். அருவியில் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் மூட்டையை எங்கள் வீட்டில்தான் இறக்குவார்கள். ஊரிலிருந்து ஒரு கடுதாசி போடாதவர்கள்கூட ஆனி மாதம் பிறந்ததும் பாசம் பொங்கி வந்துவிடுவார்கள். அந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர் மாமா. செத்துப்போன எங்கள் அத்தையின் வீட்டுக்காரர். திருநெல்வேலியில் சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிற உத்தியோகம். நயாபைசா வந்த புதிது, அந்த வருஷம்தான்.

மாமாவுக்கு எல்லாருக்கும் புத்தி சொல்லும் பழக்கம் உண்டு. மெயின் அருவியில் எங்கே நிற்கவேண்டும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும் என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். போனவர் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒன்றரை மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சும்மா கிடக்கிற பிறவி இல்லை மாமா. எஸ்டேட்டிலிருந்து யாரோ தேயிலை அனுப்பிய மரப்பெட்டி ஒன்று அடுக்களைப் பரணில் கிடந்தது. அதை உடைக்கச் சொல்லி, தெரு ஆசாரியிடம் ஒரு சின்ன ரம்பத்தை இரவல் வாங்கி, படுக்கையிலேயே சாய்ந்துகொண்டு அந்தப் பலகையைச் சதுரம் சதுரமாக அறுத்தார். உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். அறுக்க அறுக்க அறை முழுக்கத் தேயிலை மணந்தது. மொத்தம் அறுபது சில்லு. பிறகு அதில் வர்ணம் தீட்டினார். பச்சை தீட்டியது வயல், நீலக்கோடு போட்டது வாய்க்கால், காவி தீட்டியது பொத்தை. பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பாறைக்குன்று. ஒரே ஒரு சில்லு மட்டும் முழு நீலம், அது குளம்.

ஆட்டம் இதுதான். குளத்தை நடுவில் வைக்கவேண்டும். மற்ற சில்லுகளை மஞ்சள் பைக்குள் போட்டுக் குலுக்கிவிட்டு, முறை வைத்து ஆளுக்கு ஒன்றாகப் பார்க்காமல் எடுத்து, தரையில் ஏற்கெனவே இருக்கிற சில்லோடு ஒட்டி வைத்துக்கொண்டே போகவேண்டும். வாய்க்காலோடு வாய்க்கால் சேரவேண்டும், வயலோடு வயல் சேரவேண்டும். வயலை வைத்தவர் அதன்மேல் தன் சட்டைப் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சிவப்புப் பொத்தான், தங்கச்சிக்கு வெள்ளை. பை காலியானதும் எண்ணுவோம். குளத்திலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போய்ச் சேரும் வயலுக்குத்தான் மதிப்பு. பொத்தைச் சில்லுக்கு ஒரு தனிச் சலுகை: வாய்க்காலின் ஒரு பக்கம் சில்லு வைக்காமல் திறந்து கிடந்தால் அங்கே அதை வைத்து வாய்க்காலையே அடைத்துவிடலாம். அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள வயல் அத்தனையும் காய்ந்துபோனதாகக் கணக்கு.

"தொட்டதை எடுக்கணும். பைக்குள்ள கையை விட்டுத் துளாவப்பிடாது" என்று மாமா விதி சொன்னார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சாரல் வலுத்துவிடும். வெளியே போக வழியில்லை. மாமாவின் கட்டிலைச் சுற்றி அப்பா, சித்தப்பா, சித்தி, நாங்கள் இரண்டு பேர் என்று வட்டமாக உட்காருவோம். அம்மா பலாக்கொட்டை சுட்டு உரித்துத் தட்டில் கொண்டுவந்து வைப்பாள். அவள் ஆட மாட்டாள், "மரத்துண்டை வச்சு என்ன விளையாட்டு" என்பாள். ஆனாலும் யார் ஜெயிக்கிறார்கள் என்று கதவோரம் நின்று பார்ப்பாள். சித்திதான் வீட்டிலேயே ரசித்து ஆடுகிறவள். தோற்றால் வாய்விட்டுச் சிரிப்பாள். சித்தப்பா தன் வயலைப் பெரிதாக வளர்ப்பார், வளர்த்துக்கொண்டே போவார், வழியில் யார் மறிப்பார்கள் என்று பார்க்கவே மாட்டார். தங்கச்சியும் அப்பனுக்குத் தப்பாத மகள்.

அந்த வருஷ ஈரத்தில் வர்ணம் லேசில் காயவில்லை. பச்சையும் நீலமும் எப்படியோ காய்ந்துவிட்டன. காவி மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்றது. மாமா மேலுக்கு மேல் மூன்று கை பூசினார். அது திரண்டு சுருங்கி, கட்டிகட்டியாக உலர்ந்தது. ஆட ஆரம்பித்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பைக்குள் கையை விட்டபோது கட்டைவிரலில் அந்தச் சொரசொரப்புத் தட்டியது. எடுத்தேன். பொத்தை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்ற சிலிர்ப்பு. அதன்பிறகு வேண்டும்போது மட்டும் துளாவுவேன். எப்போதும் எடுத்தால் சந்தேகம் வரும் என்கிற அளவுக்கு அந்த வயதிலேயே சாமர்த்தியம் இருந்தது. தங்கச்சி வயலை வளர்த்துக் குளத்தோடு சேர்க்கிற சமயம் பார்த்து என் பொத்தை வந்து விழும். சித்தப்பா என் காதைத் திருகி, "ஏட்டி பொத்தைக்காரி, ஒன்னைக் கட்டிக்கிடுதவன் பாடு திண்டாட்டம்தான்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அவர் எப்போதும் எனக்குப் பின்னால், சுவரில் சாய்ந்துதான் உட்காருவார்.

அந்த நாட்களிலேயே பெரியவர்களுக்குள் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போனால் நின்றுவிடும். சித்தப்பாவுக்குக் கிணறு வெட்டி பம்ப் செட் போட ஆசை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டில் ஒரு சொல் கூடப்போய், சித்தப்பா இலையை மடித்து எழுந்துவிட்டார். நிலத்தைப் பிரித்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

எங்கள் நன்செய் ஒரே வாய்க்காலில் மேலும் கீழுமாக இரண்டு துண்டு. மேல்துண்டு தலைமடை, தண்ணீர் முதலில் வந்து சேருகிற இடம். கீழ்த்துண்டு கடைமடை. நல்ல மழை பெய்தால் இரண்டும் ஒன்றுதான். மழை குறைந்தால் கடைமடைக்கு வாய்க்காலில் ஈரம் மட்டும்தான் வரும். இரண்டையும் ஆளுக்குப் பாதியாக வெட்டினால் வரப்புக்கு வரப்பு சண்டை வரும் என்று மாமா சொல்லிவிட்டார். ஒருவருக்கு மேல், ஒருவருக்குக் கீழ். யாருக்கு எது என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தில் இதற்கு வழக்கம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சீட்டு எழுதிச் சுருட்டி சாமி முன்னால் போட்டு, வீட்டுப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை கையில் கள்ளம் கிடையாது, அது எடுப்பது சாமி எடுப்பது. ஆனால் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் அப்படி எடுத்த சீட்டில் ஒன்றை மட்டும் இறுக்கிச் சுருட்டி வைத்திருந்ததாக ஒரு பேச்சு கிளம்பி, அந்தப் பங்காளி வீட்டார் முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அதனால் இந்த முறை சீட்டு வேண்டாம் என்றார் அப்பா.

"சீட்டுன்னா நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். பிள்ளையள்தான் தினமும் ஆடுதுகளே. அதுகள்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். ஒரு ஆட்டம் ஆடட்டும். யார் பிள்ளை ஜெயிக்குதோ அவனுக்குத் தலைமடை" என்று அப்பா சொன்னாராம். மாமாவுக்குத் தன் ஆட்டத்துக்கு இப்படி ஒரு கௌரவம் வந்ததில் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவும் சரி என்றார். அண்ணன் சொன்னால் அவருக்குச் சரிதான், பம்ப் செட்டைத் தவிர.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் இருவருக்கும் தலைக்கு ஊற்றினார்கள். எண்ணெய் வைக்காமல் வெறும் தண்ணீர். காப்பி கிடையாது, இட்லி கிடையாது. "ஆடி வெள்ளி, சாமி கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடணும்" என்றாள் அம்மா. சுரண்டையிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணாச்சி ஒருவர் சலவை வேட்டியும் துண்டுமாக வந்து உட்கார்ந்திருந்தார். சீசனுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். மஞ்சள் பை பூசை அறையில் இருந்தது. அதன்மேல் திருநீறு கிடந்தது. இது யார் வேலை என்று தங்கச்சி கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரு மட்டும் ஆடுங்க" என்றார் மாமா.

ஆடினோம். வெளியே சாரல். உள்ளே ஒரு இருமல்கூட இல்லை. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. தங்கச்சிக்கு அன்றைக்கு நல்ல கை. வயலுக்கு மேல் வயலாக வந்துகொண்டே இருந்தது. அவளுடைய வெள்ளைப் பொத்தான்கள் ஒரு பக்கம் முழுக்கப் பரவிவிட்டன. நடுவில் ஒரே ஒரு வாய்க்கால்தான் அத்தனைக்கும் தண்ணீர் கொண்டுபோனது. அந்த வாய்க்காலின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பையில் ஏழெட்டுச் சில்லுதான் மிச்சம். கையை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது வழவழப்பு, விட்டேன். இரண்டாவதும் வழவழப்பு. மூன்றாவதில் கட்டைவிரல் சொரசொரப்பைத் தொட்டது. எடுத்து, திறந்து கிடந்த இடத்தில் வைத்தேன். அவளுடைய பதினொரு வயலும் ஒரே அடியில் காய்ந்தது.

நான் எழுந்து குதித்தேன். "பொத்தை, பொத்தை" என்று கத்தினேன். சித்தப்பா காதைத் திருகுவார் என்று அவர் பக்கம் தலையைச் சாய்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றால் சிரிக்கிற சித்தி சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"சரி. பிள்ளை கை காட்டிட்டுது. மூத்தவனுக்குத் தலைமடை, இளையவனுக்குக் கடைமடை. இனிமே இதுல பேச்சு கிடையாது" என்று சொல்லி, கக்கத்தில் வைத்திருந்த காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார்.

தலைமடை என்றால் எனக்குத் தெரியும். நாங்கள் மீன் பிடிக்கிற இடம். கடைமடை என்றால் அதுவும் தெரியும், வெயில் காலத்தில் வெடிப்புக்குள் கால் மாட்டுகிற இடம். அதற்கும் என் பொத்தைச் சில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று புரிய எவ்வளவு நேரமானது என்று சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி மட்டும் ஒன்றும் விளங்காமல், "அக்கா, இன்னொரு ஆட்டம் போடுவோமா" என்று சில்லுகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் துளாவி எடுத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடி விழும் என்று பயம். சாமி பெயரைச் சொல்லி ஆடிய ஆட்டம் என்று தெரிந்ததும் அந்தப் பயம் இரண்டு மடங்கானது.

மாமா மாவுக்கட்டைப் பிரித்து ஊருக்குப் போனார். வீட்டில் அடுப்பு இரண்டானது. ஒரு நாள் காலையில் பின்கட்டுக்குப் போனபோது வெந்நீர் அடுப்பு முன்னால் சித்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. ஒவ்வொரு சில்லாக எடுத்துத் தீயில் வைத்துக்கொண்டிருந்தாள். வர்ணம் பொரிந்து, மூக்கை எரிக்கிற நாற்றம் வந்தது. என்னைப் பார்த்ததும், "வெறகெல்லாம் ஈரம்ட்டி. இது நல்லாப் பத்துது" என்றாள். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த வருஷப் பிசான சாகுபடியில் மழை ஏமாற்றிவிட்டது. தை மாதம் சித்தப்பாவின் நெல் பால்பிடிக்கிற சமயத்தில் கடைமடைக்குத் தண்ணீர் நின்றுபோனது. முறைவைத்துத் தண்ணீர் விடச் சொல்லிச் சித்தப்பா வந்து கேட்டார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எங்கள் அறை வாசலில் நின்றுதான் கேட்டார், உள்ளே வரவில்லை. "அதான் எழுதி முடிச்சாச்சே" என்றார் அப்பா. எங்கள் வயல் கழுத்துமுட்டத் தண்ணீரில் நின்றது. சித்தப்பாவின் பயிர் வைக்கோலுக்குத்தான் ஆனது.

அடுத்த ஆனியில் சாரல் வந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிடுவது. சொன்னால் அடிப்பார். அடித்துவிட்டு நிலத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார். அப்பா அப்படிப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தருவிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாறையில் உட்கார்ந்து என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் கத்தித்தான் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு ஆட்டத்துல நான் தொட்டதை எடுக்கலை. பைக்குள்ள துளாவி எடுத்தேன். பொத்தை சொரசொரன்னு இருக்கும். தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன்."

எண்ணெய் தேய்த்த கை நிற்கவில்லை. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா குனிந்து என் காதோரம் வாயை வைத்தார்.

"தெரியும்ட்டி. நான் பின்னாலதான இருந்தேன், பைக்குள்ள ஒன் கை நெளியுறது எனக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான ஒங்களை ஆட விடச் சொன்னேன்."

சொல்லிவிட்டு என் முதுகைத் தட்டி, "போ, போயி நல்லா நில்லு, எண்ணெய் போகட்டும்" என்றார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவரும் அருவிக்குள் போனார்.

நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அருவியில் விழுந்து தலை சிதறியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. கண்ணில் எண்ணெய் வழிந்து எரிந்தது. நான் மட்டும்தான் கள்ளி என்று ஒரு வருஷம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். என் கள்ளத்தனத்தை அளந்து பார்த்து, அதை நம்பி, தம்பியை உட்காரவைத்து ஆட்டம் போட்டிருக்கிறார் என்னைப் பெற்றவர். தண்ணீருக்குள் நின்று கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் இருபத்தெட்டு வருஷம் இருந்தார். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் ஒரு பிசானம் பார்த்துவிட்டுச் சித்தப்பா கடைமடையை விற்றார். வாங்கியது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அவர் பாவூர்சத்திரம் போய்க் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்கினார். வயல்காரராக இருந்தவர், நாற்பது வயதுக்குமேல் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டார். தங்கச்சி எட்டாவதோடு நின்றாள். நான் காலேஜ் வரைக்கும் போனேன்.

போன வருஷம் தென்காசியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் தங்கச்சியைப் பார்த்தேன். பந்தி முடிந்து, மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முழங்கால், சர்க்கரை, பேரன் பேத்தி எல்லாம் பேசி ஓய்ந்தபிறகு அவள் சொன்னாள்.

"நீ அன்னைக்கு நல்லா ஆடினே அக்கா. நான்தான் வாய்க்காலைப் பார்க்காம விட்டுட்டேன். ஒரு சில்லு, ஒரே ஒரு சில்லை அங்கன வச்சு மறைச்சிருந்தா எங்கப்பா மூட்டை தூக்கியிருக்க மாட்டாக. எங்கம்மாவும் வீட்டுல அரிசி இல்லாதப்பல்லாம் என் கையைத்தான் பார்ப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா. கையைப் பார்ப்பா."

ஒன்பது வயதிலிருந்து அவள் இதைச் சுமந்திருக்கிறாள். தான் மோசமாக ஆடியதால் குடும்பம் கெட்டது என்று. நான் செய்த பாவத்தை நானே வைத்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அது அவள் தலையில் இருந்திருக்கிறது. இனி ஒரு நிமிஷம்கூட அவளை அப்படி விடக்கூடாது என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காவி வர்ணம், கட்டைவிரல், வழவழப்பு இரண்டை விட்டு மூன்றாவதை எடுத்தது, எல்லாம்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு கேட்டாள்.

"பெரியப்பாவுக்கு இது தெரியுமா?"

நான் யோசிக்கவே இல்லை. "தெரியாது" என்றேன்.

தங்கச்சி மூச்சை விட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதானே. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஆட்டத்தைக் கலைச்சிருப்பாக. எங்கப்பா சாகுத அன்னைக்குக்கூட அதைத்தான் சொன்னாக, எங்க அண்ணன் தெரிஞ்சு எனக்கு ஒரு தப்பும் செய்யமாட்டான்னு."

"ஆமா" என்றேன்.